தண்ணீர் பழகும் வரை

ஜூன் 2

இந்த டைரியை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. மாப்பிள்ளை குணசீலன் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். மாப்பிள்ளை என்றால் என் மகளைக் கட்டியவர் இல்லை, அக்கா மகன். அக்கா போய் நாலு வருஷம் ஆகிறது. இப்போது அவருக்குத் தாய் வீட்டு உறவு என்று சொல்லிக்கொள்ள நான் ஒருவன்தான்.

"தினமும் தொட்டித் தண்ணி என்ன கலர்ல இருக்குன்னு எழுதி வைங்க மாமா, அது போதும்" என்றார். கலரை மட்டும் எழுத நான் என்ன பெயிண்டுக் கடையா வைத்திருக்கிறேன்? எழுதினால் முழுதாக எழுதுவேன். எட்டாம் வகுப்பில் என் கட்டுரையைப் படித்துவிட்டுத் தமிழ் வாத்தியார் அழுதார். ஹெட்மாஸ்டரும் அழுதார். இதற்கு மேல் படிக்க என்ன இருக்கிறது என்று அதோடு நிறுத்திக்கொண்டேன்.

விஷயம் இதுதான். வில்லிவாக்கம் வீட்டு ஹாலில் நாலடிக் கண்ணாடித் தொட்டி, கடல் மீன் தொட்டி. மாப்பிள்ளை ஆறு வருஷமாக உப்புக் கலந்து, பவழக்கல் அடுக்கி, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்களை வளர்த்தார். மருந்துக் கடையில் வேலை பார்த்தவர், அளந்து கலப்பதில் கெட்டி. இப்போது அவருக்கு இரண்டு கிட்னியும் நின்றுவிட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், கழுத்தில் குழாய். இடது கையில் ஆபரேஷன் செய்து ரத்தக்குழாயைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அது தேறினால் ஊசியை அங்கே மாற்றலாமாம். அதுவரை அந்தக் கையால் ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் கலப்பதோ வாளி வாளியாகத் தூக்குகிற வேலை. அதனால் தொட்டியை நல்ல தண்ணீர்த் தொட்டியாக மாற்ற முடிவு.

"எனக்கும் உப்பு கட், தொட்டிக்கும் உப்பு கட். ரெண்டு பேருக்கும் ஒரே பத்தியம் மாமா" என்று சிரிக்கிறார்.

நான் இந்த வீட்டுக்கு வந்த கதையையும் எழுதிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை இவர் மகளுக்குக் காது குத்து. குழந்தைக்குத் தாய்மாமன் கருணாகரன், அதாவது இவர் மனைவி தமயந்தியின் அண்ணன், மேளதாளத்தோடு தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்தான். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். மைக் செட் என்னுடையது. ஏகாம்பரம் சவுண்ட் சர்வீஸ், காஞ்சிபுரம். ஒரு காலத்தில் நான் 'ஹலோ' என்றால் வேலூரில் திரும்பிப் பார்ப்பார்கள். மைக்கைக் கையில் எடுத்தேன்.

"கொழந்தைக்குத் தாய்மாமன் சீர் வந்தாச்சு. கொழந்தையோட அப்பனுக்கும் ஒரு தாய்மாமன் இருக்கான். அவன் சீர் என்ன தெரியுமா? என் கிட்னி!"

மண்டபம் அப்படியே நின்றுவிட்டது. நாயனக்காரர் நாயனத்தைக் கீழே வைத்துவிட்டார். மாப்பிள்ளை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தமயந்தி முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் தன் கிட்னியைத் தருவதாக இருந்தவள். மறுநாள் டெஸ்டுக்கு நேரம் வாங்கியிருந்தாள். கருணாகரன் அவளை ஓரமாகக் கூப்பிட்டு என் காதுபடவே சொன்னான்: "சபையில தாய்மாமன் சீர்னு சொல்லிட்டாரு. இனிமே நீ முந்திக்கிட்டுப் போனா அவர் மூஞ்சில அடிச்ச மாதிரி ஆகும். அவரால ஆகலைன்னா அப்புறம் நீ."

நியாயமான பேச்சு. தாய்மாமன் முறையைத் தாண்டி யாரும் போக முடியாது. அவள் டெஸ்டை நிறுத்தினாள். நான் பெட்டியோடு இங்கேயே வந்துவிட்டேன். காஞ்சிபுரத்தில் என் மகன் அழுதான், போகாதீங்கப்பா என்று. அவன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கிளம்ப வேண்டியதாயிற்று.

தொட்டி கலர்: கடல் கலர்.

ஜூன் 4

இன்று கடலை வற்றவைத்தேன். ஒற்றை ஆளாக.

கொளத்தூர் மீன் கடைக்காரர் வந்து மீன்களைப் பாலிதீன் பைகளில் பிடித்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை கிட்டவே வரவில்லை. சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கடைசி மீனைப் பிடிக்கும்போது மட்டும், "அதுக்கு வலது கண்ணு தெரியாதுண்ணே. தீனிய இடது பக்கமா போடுங்க" என்றார்.

பிறகு என்னிடம், "கல்லு, மணல் ரெண்டையும் வெளிய தூக்கிடுங்க மாமா. அந்தக் கல்லுல கண்ணுக்குத் தெரியாம எவ்ளோவோ உசுரு ஒட்டிட்டிருக்கு. எல்லாம் உப்புத் தண்ணில வாழ்ந்தது. நல்ல தண்ணில போட்டா அவ்ளோவும் செத்து நாறும்."

"சரி மாப்ள" என்றேன்.

கல்லுக்கு உயிராம். உடம்பு முடியாதவர்கள் பேசுவதை மறுத்துப் பேசக் கூடாது.

ஜூன் 5

தமயந்தி லீவு போட்டு அவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போன நேரத்தில் கற்களைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி நல்ல தண்ணீரில் அடுக்கிவிட்டேன். மகாபலிபுரம் தோற்றது.

ஜூன் 8

மூன்று நாளாக வீட்டில் ஒரு வாசனை. பக்கத்து வீட்டில் கருவாடு என்றேன். சாம்பிராணி போட்டேன். குழந்தை வாந்தி எடுத்தது. பள்ளிக்கூடத்தில் எதையோ தின்றிருக்கும்.

மாப்பிள்ளை எழுந்து வந்து தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாயில் பிடித்து மருந்துச் சொட்டு விட்டார். தண்ணீர் சரியாக இருந்தால் மஞ்சளாகவே இருக்குமாம். இது வாழை இலை மாதிரி பச்சையாக மாறியது.

"மாமா, கல்ல எடுத்தீங்களா இல்லியா?"

"எடுத்தேன் மாப்ள."

"எடுத்துட்டு?"

"கழுவி உள்ளயே வச்சேன்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அம்மா அப்பவே சொல்லும். ஏகாம்பரம் சரின்னு சொன்னா செய்ய மாட்டான்னு அர்த்தம், முடியாதுன்னு சொன்னாதான் நம்பலாம்னு."

அக்கா அப்படிச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. என்னைத் தங்கம் என்பாள்.

ஜூன் 9

எல்லாவற்றையும் கொட்டி மறுபடி ஆரம்பம். கற்களைக் கோணியில் கட்டி மாடியில் போட்டாயிற்று. கண்ணாடி ஓரத்தில் பூத்திருந்த உப்பை வினிகர் தொட்டுத் துடைத்தேன். கறுப்பு ஆற்று மணல் போட்டேன். மெட்ரோ தண்ணீரை ராத்திரி முழுக்க வாளியில் வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றினேன். நானே கண்டுபிடித்த முறை. மாப்பிள்ளையும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மீன் கிடையாது. வெறும் தண்ணீரில் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட வேண்டும். அது அழுகி முதல் விஷம் வரும், அதுதான் பச்சை. அந்த விஷத்தைத் தின்கிற கிருமி மெல்ல வளரும். அது தின்றுவிட்டு இரண்டாவது விஷத்தை விடும், அதற்கு வேறு மருந்து, அதில் ஊதா, விஷம் தீர்ந்தால் நீலம். அதைத் தின்ன இன்னொரு கிருமி வளர வேண்டும். பச்சையும் ஊதாவும் இரண்டும் போனால்தான் தண்ணீர் பழகியது என்று அர்த்தம்.

"நடுவுல ஒரு மீன விட்டா என்ன? வாட்டமா ஒரு கெண்டை?"

"செத்துடும் மாமா. பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ள விஷம்." தன் கழுத்துக் குழாயைத் தொட்டுக்காட்டினார். "எனக்கும் இதான். ஃபில்டர் போச்சு. வாரம் மூணு தடவ தண்ணி மாத்தி விடறாங்க."

ஜூன் 13

இன்று நான்தான் டயாலிசிஸுக்குத் துணை. தமயந்திக்கு அம்பத்தூர் கார்மெண்ட்ஸில் இனி லீவு இல்லை. அப்படியே இரண்டாவது மாடியில் எனக்கு ரத்தம் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில். போனேன். லிஃப்டில் கூட்டம். மாடிப்படியில் ஏறினால் வெறும் வயிற்றில் தலை சுற்றும் என்று எதிரே டீக்கடையில் ஒரு டீயும் இரண்டு பன்னும் சாப்பிட்டேன். சாப்பிட்ட பிறகு அது வெறும் வயிறு இல்லையே. நாம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்.

தமயந்தியிடம், நாலு குழாய் ரத்தம் எடுத்தார்கள், இவ்வளவு சிவப்பை நாங்கள் பார்த்ததே இல்லை என்று நர்ஸ் மற்ற நர்ஸுகளைக் கூப்பிட்டுக் காட்டினாள் என்றேன். அவள் எனக்கு ஆம்லெட் போட்டாள்.

காலையில் நான் போடும் வெள்ளை மாத்திரை வலுவுக்கானது. அதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

பச்சை.

ஜூன் 14

தமயந்தி வேலைக்கும் குழந்தை பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு மாப்பிள்ளை தொட்டிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"நேத்து ரத்தம் குடுக்கல இல்ல மாமா?"

"யாரு சொன்னா? நாலு குழாய்..."

"ஆஸ்பத்திரில என் நம்பருதான் குடுத்திருக்கு. போன் வந்துச்சு."

லிஃப்ட் கூட்டத்தை விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என் கடைல சிநேகிதருக்குன்னு சொல்லி மாத்திரை வாங்கிட்டுப் போவீங்களே. அவர் பேரு என்ன?"

"தாமோதரன். காஞ்சிபுரத்துல அரிசி மண்டி..."

"தாமோதரனுக்குக் கால் புண்ணு ஆறவே இல்லன்னு சொல்லி மருந்து வாங்கினப்ப, கட்டு உங்க கால்ல இருந்துச்சு மாமா."

தொட்டியில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. நல்ல மோட்டார்.

"சர்க்கரை இருக்கறவங்க கிட்னிய எடுக்க மாட்டாங்க. நீங்க மைக்க எடுத்தப்பவே எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா அங்கியே சொல்லியிருக்கலாமே மாப்ள."

"எதுக்குச் சொல்லணும்? தமயந்தி தரேன்னு ஒத்தக் கால்ல நின்னா. வீட்ல தினம் சண்டை. கொழந்தைக்கு ஆறு வயசு மாமா. எனக்கு ஒண்ணு ஆனாலும் அவ ஒருத்தி முழுசா இருக்கணும். அவள எப்படி நிறுத்தறதுன்னு எனக்கு வழியே தெரியல. நீங்க வந்து கதவ சாத்தினீங்க."

நான் தொட்டிப் பக்கம் திரும்பி மோட்டார் வயரைச் சரி செய்தேன்.

"இன்னும் கொஞ்ச நாள் சாத்தியே வைங்க. கை தேறிட்டா இந்தக் குழாய எடுத்துடுவாங்க. அப்புறம் டயாலிசிஸ்லயே பத்து வருஷம் ஓட்டறவங்க இருக்காங்க. நானும் ஓட்டிடுவேன். நீங்க டெஸ்டுக்குப் போற மாதிரி போங்க, வர்ற மாதிரி வாங்க, வந்து அவகிட்ட கதை சொல்லுங்க. அதுக்கு உங்கள விட்டா எனக்கு ஆள் கிடையாது."

என் வாழ்நாளில் பொய் சொல்லாதே என்று என்னிடம் சொன்னவர்கள் ஆயிரம் பேர். சொல் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். உடனே ஒப்புக்கொண்டேன். தவிர, நான் பொய் சொல்பவன் இல்லை. வருகிற சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுப்பவன். தொழிலே அதுதான்.

ஜூன் 20

பச்சை. நேற்றைவிட அடர்த்தி.

தாய்மாமன் கிட்னி கொடுத்தால் அரசாங்கக் கமிட்டி கேள்வி கேட்கும். பணம் வாங்கிக்கொண்டு தருகிறானா என்று பார்ப்பார்கள். இதைக் கருணாகரன் எங்கேயோ விசாரித்துத் தங்கையிடம் சொல்லியிருக்கிறான். ஆகவே இன்று கமிட்டிக்குப் போய்வந்தேன். அதாவது மாப்பிள்ளை டயாலிசிஸ் படுக்கையில் இருந்த நேரம் முழுக்க அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கமிட்டியைத் தயார் செய்தேன்.

"ஒன்பது பேர் மாப்ள. நடுவுல தங்க பிரேம் கண்ணாடி போட்ட நீதிபதி."

"ஒன்பது ஜாஸ்தி மாமா. அஞ்சு போதும். நீதிபதி வேணாம், டாக்டருங்கன்னு சொல்லுங்க."

"தங்க பிரேம்?"

"அது இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து தமயந்தியிடம் சொன்னேன். எதற்காகத் தருகிறாய் என்று தங்க பிரேம் கேட்டார், 'அக்கா பாலில் பாதி குடித்தவன் நான், பாக்கியைத் திருப்பித் தருகிறேன்' என்றேன், ஐந்து பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பால் விஷயம் அங்கேயே தோன்றியது. மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. தமயந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஜூன் 24

பச்சை.

ஜூலை 1

ஊதா வந்துவிட்டது! பச்சை குறைந்து ஊதா ஏறுகிறது. முதல் கிருமி வளர்ந்துவிட்டது. மாப்பிள்ளை குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பாதி கிணறு தாண்டியாச்சு மாமா." இடது கைத் தழும்பில் என் விரலை வைக்கச் சொன்னார். உள்ளே கிர்ரென்று ரத்தம் ஓடுவது தெரிந்தது. இன்னும் மூன்று வாரத்தில் ஊசியை அங்கே மாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

எனக்கு ராஜ உபசாரம். ஆபரேஷனுக்கு உடம்பு தேற வேண்டும் என்று தமயந்தி ஆட்டுக்கால் சூப் வைக்கிறாள். முட்டை, பேரீச்சம்பழம், மாம்பழம். அவளும் குழந்தையும் ரசம் சாதம். மாப்பிள்ளைக்கு உப்பில்லாத இட்லியும் அளந்து வைத்த அரை டம்ளர் தண்ணீரும். நான் மாம்பழம் சாப்பிடுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "கொட்டையையும் சப்பிடுங்க மாமா, சந்தேகம் வரப் போவுது" என்று காதில் சொன்னார். கால் புண் மறுபடி கசிகிறது. செருப்புக் கடி.

பாத்திரம் எடுக்க வந்த தமயந்தி சொன்னாள்: "உங்களாலதான் மாமா இப்பல்லாம் தூங்கறேன்."

நான் நிறையப் பேச நினைத்திருந்தேன். ஏப்பம்தான் வந்தது.

ஜூலை 3

ஊதா. தீனி ஒரு சிட்டிகை. தமயந்தி ஆபரேஷன் தேதி கேட்டாள். கமிட்டி கையெழுத்துப் போட்டுவிட்டது, டாக்டர் தேதி குறிப்பார் என்றேன்.

ஜூலை 6

டயாலிசிஸ் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளைக்கு நடுக்கம் வந்தது. பல் அடித்துக்கொண்டது. மூன்று கம்பளி போட்டும் கட்டில் ஆடியது. நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன், காலும் ஆடியது. மிஷினை நிறுத்தி ரத்தம் எடுத்தார்கள். கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி ரத்தத்துக்குள் போயிருக்கிறது என்றார் டாக்டர். அட்மிட்.

நடுக்கத்துக்கு நடுவே என் சட்டையைப் பிடித்து, "அவகிட்ட சாதா ஜுரம்னு சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.

ஜூலை 7

தமயந்தி வேலையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கம்பெனி அட்டை கழுத்திலேயே இருந்தது. வராண்டாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டாக்டர் தேதி சொல்லிட்டாரா மாமா? இப்படியே போனா அவர் தாங்க மாட்டார்."

பதில் தயாராக வைத்திருந்தேன். பெரிய டாக்டர் டெல்லிக்குப் போயிருக்கிறார், ஜனாதிபதி வீட்டில் யாருக்கோ வயிற்று வலி, திங்கட்கிழமை விமானம். வாயைத் திறந்தேன். டெல்லி வரவில்லை.

கமிட்டியே இல்லை என்றேன். எனக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை என்றேன். அவருக்குத் தெரியும், உன்னை நிறுத்தத்தான் என்னைப் பேசவிட்டார் என்றேன். இவ்வளவு சின்னதாக நான் எதையும் சொன்னதில்லை.

அவள் செருப்பைக் கழற்றுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"ரத்தம் வெறும் வயித்துலதான் குடுக்கணுமா, சாப்ட்டும் குடுக்கலாமா?"

"வெறும் வயித்துலன்னுதான் சொன்னாங்கம்மா. நான் அந்த மாடிக்குப் போனதே இல்ல."

எழுந்து போய்விட்டாள். லிஃப்டுக்கு நிற்கவில்லை, படியில் ஏறினாள்.

ஜூலை 9

மாப்பிள்ளையிடம் அவளே பேசிவிட்டாள். என்ன பேசினார்களோ, அறைக்கதவு வெகுநேரம் சாத்தியிருந்தது. அவள் வெளியே வந்து, "ஒத்துக்கிட்டார். உங்கள வரச் சொல்றார்" என்றாள்.

உள்ளே போனேன். உதடு வெடித்திருந்தது. நனைத்த பஞ்சை எடுத்து உதட்டில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஊதா குறையுது மாப்ள. நேத்தைக்கு இன்னிக்கு..."

"காலம் பூரா கேக்காமலே பொய் சொன்னீங்க மாமா. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டு வாங்கினேன். அதைக்கூட உங்களால சொல்லி முடிக்க முடியல."

பஞ்சு என் கையிலேயே காய்ந்தது.

ஜூலை 12

தமயந்தியின் கிட்னி பொருந்துகிறது. ரத்த குரூப், மற்றதெல்லாம். இப்படிப் பொருந்துவது அபூர்வம் என்று டாக்டரே சொன்னார். இதில் நான் எதையும் சேர்க்கவில்லை. "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா இந்நேரம் வீட்டுக்கே போயிருப்பீங்களேம்மா" என்றும் சொன்னார். இப்போது ரத்தத்தில் கிருமி இருக்கும் வரை கத்தி வைக்க முடியாதாம்.

தமயந்தி என்னைப் பார்க்கவில்லை. மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்க அண்ணன்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. அப்புறம் நீன்னு அன்னிக்கு சொன்னதெல்லாம் பேச்சுக்கு, வந்து தடுப்பான். எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம். அதுவரைக்கும் நீங்கதான் குடுக்கறீங்க."

மறுபடி நான்தான் கொடுக்கிறேன்.

ஊதா இளம் ஊதாவாகிவிட்டது.

ஜூலை 14

ஐ.சி.யூ. ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். நான் போகவில்லை. எனக்குப் பதிலாக அவளே இரண்டு தடவை பார்க்கட்டும்.

ஜூலை 15

கிருமி இதய வால்வில் போய் உட்கார்ந்துவிட்டது என்கிறார்கள். குழந்தையைக் கூட்டிவந்து கண்ணாடி வழியாகக் காட்டினோம். "அப்பா தொட்டிக்குள்ள இருக்காரு" என்றது.

ஜூலை 17

முதல் குழாய் மஞ்சள். இரண்டாவது குழாய் நீலம். பச்சை துளி இல்லை, ஊதா துளி இல்லை. தண்ணீர் பழகிவிட்டது.

மாப்பிள்ளையிடம் சொல்லலாம் என்று பஸ் ஏறினேன். அயனாவரம் தாண்டும்போது போன் வந்தது.

ஜூலை 19

எரித்துவிட்டு வந்தோம். தாய்மாமன் கோடி நான்தான் போட்டேன். வேட்டி சின்னதாக இருந்தது, கால் மூடவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். இல்லை, நான்தான் அளவு பார்க்காமல் வாங்கினேன்.

ஜூலை 25

காலித் தொட்டிக்குத் தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுகிறேன். போடாவிட்டால் வளர்ந்த கிருமி பட்டினியில் செத்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார்.

தமயந்தி பார்த்தாள். "யாருக்குப் போடறீங்க?"

"தண்ணிக்கு."

அவள் உள்ளே போய்விட்டாள். இந்த வீட்டில் யாரும் என்னை இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1

கருமாதி. காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். காது குத்துக்கு வந்த அதே ஜனம். என் மகன் வரவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் முதல் இலை தாய்மாமனுக்கு என்று என்னை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர், அக்கா வீட்டுக்காரரின் பங்காளி, என் முதுகைத் தடவினார். "பையனுக்குக் குடுத்து வைக்கல. இன்னும் பத்து நாள் தாங்கியிருந்தா இந்த மனுசன் கிட்னில பொழச்சிருப்பான்." வரிசை முழுக்க உச்சுக் கொட்டியது. கருணாகரன் பரிமாறிக்கொண்டே, "என் சொந்த மாமனே இப்படி செய்ய மாட்டான்" என்றான். அவன் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. தமயந்தி அவனிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை.

பாயசம் வந்தது. இலைமேல் கையை வைத்து மூடினேன்.

"வேணாம் கருணா. எனக்குச் சர்க்கரை."

அவன் சிரித்துவிட்டான். "கிட்னி குடுக்க இருந்தவருக்குச் சர்க்கரையாம்! சர்க்கரை இருந்தா ஆஸ்பத்திரில கிட்ட சேப்பாங்களா மாமா? துக்கம் இருக்கும்தான். அதுக்காக வயித்த வெறுக்காதீங்க."

"நெஜமாத்தான் சொல்றேன். பன்னெண்டு வருஷமா. டெஸ்டுக்கே நான் போகல."

சத்தமாகத்தான் சொன்னேன். மைக் இல்லாமலே கடைசி இலைவரை கேட்கிற குரல் எனக்கு. எல்லாருக்கும் கேட்டது.

பெரியவர் தலையை ஆட்டினார். "பாத்தியா. செய்ய முடியாமப் போச்சேன்னு அந்தப் பேரைக்கூட வேணாங்கறாரு. இந்தக் காலத்துல இப்படி யாரு இருக்கா?" எதிர் வரிசையில் ஒரு பெண்பிள்ளை மூக்கைச் சிந்தினாள். இன்னொரு தடவை சொன்னேன். கருணாகரன் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் தோளைக் கட்டிக்கொண்டான்.

அறைக்குள்ளிருந்து தமயந்தி வந்தாள். வெளியே வரக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. அண்ணன் வைத்த வாளியை எடுத்துக்கொண்டு என் இலைக்கு முன்னால் குனிந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து இலையிலிருந்து கையை எடுத்துத் தரையில் வைத்தாள். ஒரு கரண்டி ஊற்றினாள். இலை நடுவில் பாயசம் தேங்கி நின்றது. நிறைய முந்திரி, வெல்லம் தூக்கல்.

"சாப்டுங்க மாமா" என்றாள்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழித்துச் சாப்பிட்டேன். முடித்து நிமிர்ந்தபோது அவள் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். கரண்டி மறுபடி வாளிக்குள் இறங்கியது.